மொம்பாசா போற டில்லிபாபுவுக்கு

முதல்ல ஊசி.
ராஜாஜி சாலை, துறைமுக சுகாதார ஆபீஸ்.
காலைலயே போய் நில்லு.
பாஸ்போர்ட் எடுத்துக்கோ. வெறும் வயித்தோட போகாதே.
முட்டை ஒத்துக்குமான்னு கேப்பாங்க,
பீச் ஸ்டேஷன் வாசல்ல
தெனம் நீ அடிக்கிற டபுள் ஆம்லெட்ட நெனச்சிக்கினு
தைரியமா தலையாட்டு.

போட்ட பத்தாம் நாள்தான்
அந்த மஞ்சள் அட்டைக்கு உயிர் வரும்.
ஒன்பதாம் நாள் டிக்கெட் போட்றாதே.
அட்டை இல்லாம திரும்பி வந்தா
மீனம்பாக்கத்துலயே மடக்கி
ஆறு நாள் தனியா உக்கார வச்சிருவாங்க,
உன் பொண்ணு வெளிய நின்னு
கை ஆட்டிக்கினு இருக்கும்.

டாலர் மண்ணடியில மாத்து.
பழைய நோட்டு வாங்காதே,
ரெண்டாயிரத்து ஒன்பதுக்கு முந்தினதுன்னா
அங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்களாம்.
காசிமேட்டுல ஈர நோட்டையே
செதில் தட்டிட்டு வாங்குற ஊர்லேர்ந்து போற.
மடிக்காம, பேனா படாம
புத்தகத்துக்குள்ள வச்சிக்கோ.

பிளாஸ்டிக் கவர் ஒண்ணுகூட ஆகாது, சட்டம்.
உங்க வீட்ல ஊறுகா பாட்டிலுக்கு
மூணு கவர் சுத்துவாங்க, எனக்குத் தெரியும்.
பிரிக்கச் சொல்லு.
கருவாடு வேணவே வேணாம்,
அங்கயும் கடல்தான் இருக்குது.

பிளக்கு மூணும் தட்டைக் கால். ரிச்சி தெரு.
மலேரியா மாத்திரை டாக்டரக் கேட்டு.
பக்கிங்காம் கால்வா ஓரம் பொறந்தவன்,
என்னை எந்தக் கொசு என்ன பண்ணும்னு பேசாதே.
அந்தக் கொசுவுக்கு உன்னத் தெரியாது.

அப்புறம் மணி.
அந்த ஊர் பாஷையில விடிஞ்சாத்தான் கணக்கு ஆரம்பம்,
நம்ம காலண்டர்ல நாழிகை போட்ற மாதிரி.
சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆனா 'சா மோஜா',
ஒரு மணி. நம்ம வாட்ச்ல அது ஏழு.
எவனாவது மூணு மணிக்கு வேலைன்னா
சாப்ட்டுட்டுப் படுத்துறாதே,
காலைல ஒன்பதுக்கு கேட்ல நிக்கணும்.

ஒரே ஒரு வார்த்தை கத்துக்கோ: 'போலே'.
நீ தடுக்கி விழுந்தா போலே.
காய்ச்சல்னா போலே.
தப்பு அவங்களோடது இல்லாட்டியும்
போலேன்னு சொல்லிட்டுத்தான் நகருவாங்களாம்.

இன்னா, வாம் வாம்னு சொல்றேன்னு பாக்குறியா.
நான் போனதில்ல.

போன ஆடியில லிஸ்ட்ல இருந்தது எம்பேரு.
ரீஃபர் டெக்னீஷியன், ஒரு வருஷம்.
ஊசி போட்டு, கை வீங்கி, ஒன்பது நாள் எண்ணினேன்.
பத்தாம் நாள் மேனேஜர் ரூமுக்குக் கூப்ட்டு
ஏசியக் கொஞ்சம் கொறச்சிட்டு
'லேடீஸ் தங்க அங்க எடம் சரியில்ல மல்லேஸ்வரி' ன்னாரு.
மைனஸ் பதினெட்டுல
எறால் பெட்டிங்க நடுவுல குந்திக்கினு
ஃபேன் மோட்டார் மாத்துறவகிட்ட
ஏசியக் கொறைக்கிறாரு.

உம்மேல கோவம் இல்ல. இருந்துச்சு.
அட்டை பீரோவுல இருக்குது, ரேஷன் கார்டு பக்கத்துல.
எம்பேர்ல ஒரு எழுத்து தப்பு.
முன்னல்லாம் பத்து வருஷம்தான் செல்லுமாம்,
இப்ப ஆயுசு முழுக்க.

போனா ஒரு வேலை செய்.
லிகோனில பெரிய ஃபெர்ரி போகும்,
நடந்து ஏறுறவங்களுக்குக் காசு கெடையாது.
நடுத் தண்ணியில நின்னு
நம்ம பக்கம் எதுன்னு பாரு.
எண்ணூர்ல நான் பூட்டின பெட்டி எதுனா அங்க வந்தா
கதவுல காது வை.
உள்ள ஃபேன் ஒழுங்கா ஓடுதான்னு சொல்லு.

நம்மள விட ரெண்டரை மணி பின்னாடி அந்த ஊரு.
நீ ராத்திரி மூணு மணிக்கு, அதான் ஒன்பதுக்கு,
போன் அடிச்சா இங்க பதினொன்றரை.
பரவால்ல, அடி.
முழிச்சிருப்பேன்.